அயர்லாந்துக்குக் கழித்த வரி

அபுதாபியில் நான் வேலை செய்த கம்பெனி அயர்லாந்துக்காரர்களுடையது. எண்ணெய் ஆலைகளுக்குக் குழாய் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அதன் தொழில். தலைமை அலுவலகம் டப்ளினில் இருந்தது. எண்பதுகளின் நடுவில் அங்கிருந்து ஒரு கடிதம் வந்ததாம். ஆள் டப்ளினில் வேலை செய்தாலும் பாலைவனத்தில் வேலை செய்தாலும் இனிச் சம்பளம் ஒரே முறையில்தான் கணக்கிடப்பட வேண்டும். கையால் எழுதும் பேரேடு நிற்கும். அச்சடித்த சீட்டு இல்லாமல் யாருக்கும் ஒரு காசும் கொடுக்கக் கூடாது. அடுத்த வருடத்திலிருந்து உறையில் பணம் கொடுப்பதும் நின்று எல்லாம் வங்கிக்குப் போகும். கடிதத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி பிளாப்பி டிஸ்க்கும் பச்சை அட்டை போட்ட கையேடும் வந்தன. அவற்றுக்குப் பின்னால் நான் வந்தேன்.

எனக்கு இருபத்து நான்கு வயது. கொழும்பில் இரண்டு வருடம் புரோகிராமிங் படித்திருந்தேன். யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போவது என்ற பேச்சே அப்போது எங்கள் வீட்டில் இல்லை. அம்மாவின் கடிதம் எதுவானாலும் 'அங்கேயே இரு' என்றுதான் முடிந்தது. அக்காவும் அத்தானும் அபுதாபியில் இருந்ததால் அவர்களுடைய பிளாட்டில், அவர்களுடைய பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு மெத்தை கிடைத்தது. பாஸ்போர்ட் கம்பெனியின் இரும்புப் பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டியின் சாவி மந்தூப்பிடம் இருந்தது.

விசா, லேபர் கார்டு, போலீஸ் அனுமதி என்று அரசு அலுவலகங்களில் அலைந்து காரியம் முடிப்பவரை அங்கே மந்தூப் என்பார்கள். எங்கள் மந்தூப் வேறொரு அரபு நாட்டுக்காரர். அயர்லாந்துக்காரர்களுக்கு அவர் கீழ்ப்படிய வேண்டியதில்லை. எங்கள் எல்லோருடைய விசாவும் எந்த உள்ளூர்க்காரரின் பெயரில் இருந்ததோ, அந்தக் கஃபீலின் ஆள் அவர். அமைதியாகப் பேசுவார். சட்டைப்பையில் சிறிய நோட்டும் மூடி போட்ட பேனாவும் வைத்திருப்பார். அவரோடு நான் ஒரு நாளும் தகராறு பட்டதில்லை. ஆனால் அவர் என் மேசையைக் கடந்து போகும் ஒவ்வொரு தடவையும் என் விசா முடிகிற மாதம் எது என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

பயம் வந்தால் நான் பட்டியல் எழுதுகிறவள். செய்ய வேண்டியது, நடக்கக்கூடியது, கேட்கப்படக்கூடியது என்று மூன்றாகப் பிரித்து எழுதிவிட்டால் மூச்சு ஓரளவு சீராகும். அந்தக் கம்பெனியில் சேர்ந்த முதல் மூன்று மாதத்தில் நான் எழுதிய பட்டியல்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன.

பழைய ஆட்கள் இருநூற்றெண்பதுக்கு மேல் இருந்தார்கள். அவர்களுடைய விவரங்களைப் பேரேட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கம்பியூட்டரில் ஏற்றினேன். அந்த புரோகிராம் அயர்லாந்துக்காக எழுதப்பட்டது. அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் வரி பற்றி ஒரு கட்டம் இருந்தது. வளைகுடாவில் சம்பளத்துக்கு வரி கிடையாது. எனவே பழைய ஆட்கள் எல்லோருக்கும் 'விலக்கு' என்று குறித்தேன். ஒவ்வொருவருடைய லேபர் கார்டு நகலும் கோப்பில் இருந்தது, அதைப் பார்த்துத்தான் குறித்தேன். அதற்குப் பிறகு முப்பத்தொரு பேர் புதிதாக வந்து இறங்கினார்கள். எல்லோரும் இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஆண்கள். அவர்களுடைய லேபர் கார்டு இன்னும் வரவில்லை. கையில் காகிதம் இல்லாமல் ஒரு கட்டத்தையும் நிரப்பக் கூடாது என்பது எனக்குப் படிப்பித்த ஒழுங்கு. அந்த முப்பத்தொரு கட்டங்களையும் வெறுமையாக விட்டேன்.

கையேட்டின் கடைசிப் பகுதியில் இருந்ததை நான் பிறகுதான் படித்தேன். வரிக் கட்டம் வெறுமையாக இருந்தால், அந்த ஆள் அயர்லாந்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து இன்னும் வரிச் சான்றிதழைக் கொண்டுவராதவர் என்று புரோகிராம் எடுத்துக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்கு அங்கே அவசர வரி என்று ஒன்று உண்டு. முதல் மாதம் ஒரு தொகை வரை விட்டுக்கொடுப்பார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இவர்களுடைய சம்பளம் சிறியது, முதல் மாதம் அந்தத் தொகைக்குள் அடங்கிவிட்டது. நான் சோதித்துப் பார்த்ததும் அந்த முதல் மாதத்தைத்தான். ஒவ்வொரு ஆளின் சம்பளத்தையும் பழைய பேரேட்டு முறைப்படி கையால் கணக்கிட்டு, பக்கத்தில் சிவப்பில் சரி போட்டேன். எல்லாம் சரியாக இருந்தது.

இரண்டாவது மாதம் நோன்பு மாதம். வேலை நேரம் குறைவு, ஓவர்டைம் குறைவு. மொத்தத் தொகை இறங்கியிருந்ததை நான் பார்த்தேன். நோன்பினால் என்று நினைத்தேன். மேனேஜர் கையெழுத்திட்டார். உறைகள் ஆட்கள் தங்கியிருந்த கேம்ப்புக்குப் போயின. பெருநாள் விடுமுறைக்காக அலுவலகத்தைப் பூட்டினோம்.

விடுமுறை முடிந்த சனிக்கிழமை காலை ஏழரைக்கு நான் உள்ளே நுழைந்தபோது மேனேஜர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். அயர்லாந்துக்காரர், ஐம்பது வயதிருக்கும், சாதாரணமாகச் சத்தமாகப் பேசுகிறவர். அன்று அவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முஸஃபாவில் இருந்த கேம்ப்பிலிருந்து அழைப்பு. புதிதாக வந்த முப்பத்தொரு பேரும் யூனிஃபார்ம் போட்டு, சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு பஸ் வரை வந்திருக்கிறார்கள். வந்து, ஏறாமல் பஸ் அருகில் உட்கார்ந்துவிட்டார்கள்.

வேலைக்குப் போகாமல் கூட்டமாக உட்காருவது அந்த நாட்டில் குற்றம். அப்படி உட்கார்ந்தவர்கள் மறுநாளே விமானத்தில் ஏற்றப்பட்ட கதைகளை நாங்கள் எல்லோரும் கேட்டிருந்தோம். மந்தூப் ஏற்கெனவே வந்திருந்தார். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். இன்று வேலைக்குப் போகாதவர்களின் பட்டியல் வேண்டும், எண்களோடு, இரண்டு பிரதி. ஒன்று லேபர் ஆபீசுக்கு, ஒன்று போலீசுக்கு.

பத்து நிமிடத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சம்பளச் சீட்டுகளின் நகலை எடுத்து முப்பத்தொரு பேருடையதையும் வரி வரியாக ஒரு அளவுகோலை வைத்துப் படித்தேன். கழிவு என்ற பத்தியில் எண்கள் இருந்தன. மற்ற எல்லோருக்கும் பூச்சியம். இந்த முப்பத்தொரு பேருக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தது. பச்சைக் கையேட்டைத் திறந்து தேடினேன். அவசர வரி என்ற தலைப்புக்கு வந்தபோது என் விரல்கள் குளிர்ந்துவிட்டன. ஏர்கண்டிஷனர் அதற்குக் காரணமில்லை.

அந்தப் பட்டியலை அச்சடிக்க எனக்கு இரண்டு விசைகள் போதும். அச்சடித்துக் கொடுத்தால் முப்பத்தொரு பேரும் போய்விடுவார்கள். ஆள் இல்லாத கணக்கை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். என் பிழையும் அவர்களோடு விமானம் ஏறிவிடும். இதை நான் நினைத்தேன். நினைக்கவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். அச்சு இயந்திரத்தில் தாளை நேராக்கி ரிப்பனைச் சரிபார்க்கிற நேரம் முழுவதும் அதைத்தான் நினைத்தேன். பிறகு எழுந்து மேனேஜரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

நான் சொல்லி முடிக்கும் வரை அவர் குறுக்கிடவில்லை. முகம் கழுத்து வரை சிவந்தது. மொத்தம் எவ்வளவு என்று கேட்டார். எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். தன்னுடைய முதல் வேலையில் தனக்கும் இதே அவசர வரி விழுந்தது, அந்த வாரம் ரொட்டியும் தேநீருமாகக் கழிந்தது என்று சொன்னார். சிரிக்கவில்லை. யார் பிழை என்றும் கேட்கவில்லை. அந்த ஆட்கள் தங்கள் மொழியில் சொன்னால்தான் நம்புவார்கள், நீயும் வா என்றார். மந்தூப் தன் காரில் பின்னால் வந்தார்.

நான் அதுவரை கேம்ப்புக்குப் போனதில்லை. பெண்கள் போகிற இடமில்லை அது. மேனேஜரின் காரில் மடியில் கணக்குத்தாளை வைத்துக்கொண்டு, அதன் பின்பக்கத்தில் சொல்ல வேண்டியவற்றை எழுதினேன். ஐந்து வரிகள். கடைசி வரி, 'அழக் கூடாது.'

தகர அறைகளின் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை. முப்பத்தொரு பேரும் என்னைப் பார்த்தார்கள், அது கத்துவதைவிடப் பயமாக இருந்தது. முன்னால் இருந்தவர் எழுந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த ஆள், பைப் ஃபிட்டர். சம்பளச் சீட்டை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"நீங்கதான் கம்ப்யூட்டர் அம்மாவா?"

"ஓம்."

"சிலோனா?"

"யாழ்ப்பாணம்."

"சரி, தமிழ்தானே. தமிழ்லயே சொல்லுங்க. இந்த ஊர்ல சம்பளத்துல பிடித்தமே கிடையாதுன்னுதானே ஏஜெண்டு கூட்டியாந்தான். பிறகு இது என்ன?"

நான் எழுதி வைத்த வரிசைப்படி சொன்னேன். இந்தக் கம்பியூட்டருக்கு அயர்லாந்து மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன். புதிதாகச் சேர்ந்தவர்களை அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்று நினைத்து அந்த நாட்டு வரியைக் கழித்துவிட்டது, காசு எங்கேயும் போகவில்லை, கம்பெனியிடம்தான் இருக்கிறது என்றேன். "கட்டத்தை வெறுமையா விட்டது நான். அது என்ர பிழை," என்றேன்.

பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரை இடித்தார். "கேட்டியா? நம்ம ஊரு பஞ்சாயத்துக்கே வீட்டு வரி கட்டாத பய நீ. அயர்லாந்துக்குக் கட்டியிருக்கடா."

சிரிப்பு எழுந்தது. முன்னால் நின்றவர் சிரிக்கவில்லை.

"அது கெடக்கட்டும். எனக்கு எம்புட்டு வரணும்? வாயால சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

கணக்குத்தாள் எண் வரிசையில் இருந்தது. அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தேன். வளைகுடாவில் எந்தத் தமிழராக இருந்தாலும் ஆளின் எண்ணை ஆங்கிலத்தில்தான் சொல்வோம். நானும் அப்படியே உரக்கப் படித்தேன்.

"த்ரீ ஒன் டூ. நூற்றறுபத்திரண்டு திர்ஹம். நாளைக்குக் காலமை உங்கட கையில."

எனக்குப் பின்னால் பேனா மூடி கழன்ற சத்தம் கேட்டது. அதைக் கேட்டேன், பொருட்படுத்தவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து அட்டையைக் காட்ட, தாளில் அவர்களுடைய வரியில் விரலை வைத்துக் காட்டினேன். யாருடைய எண்ணையும் சொல்லத் தேவைப்படவில்லை. ஒன்பதரைக்கு எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். மறுநாள் உறைகள் போயின. முப்பத்தொரு கட்டங்களிலும் 'விலக்கு' என்று குறித்தேன். அன்று அக்கா சமைத்த புட்டைப் பசியோடு சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை மந்தூப் ஒரு காகிதத்தை என் மேசையில் வைத்தார். 312, விசா கான்சல், கணக்கை முடித்துத் தரவும். முப்பது பேரை மன்னித்தாகிவிட்டது என்றார். ஆனால் கூட்டத்தைக் கூட்டியவன் யார் என்று கஃபீல் கேட்கிறார், ஒருவனையாவது காட்டாமல் நான் அவர் முன்னால் போக முடியாது என்றார். இவர்களில் யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது, நல்லவேளையாக நீ எண்ணைச் சொன்னாய் என்று எனக்கு நன்றி சொன்னார்.

அவர் போன பிறகு வெகு நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து மூன்று மாதம் ஆகாத ஆள். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனில் பத்தில் ஒன்றுகூட அடைந்திருக்காது. மேனேஜரிடம் போனேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பேசிப் பார்த்தேன், விசா என் கையில் இல்லை என்றார். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னதால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

என் விசா அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிப்பதற்காக என் பாஸ்போர்ட்டை மந்தூப் இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் மேசையில் வைத்திருந்தார். கழிப்பறைக்குப் போகும் வழியில் அதன் முதுகு எனக்குத் தெரியும்.

மறுநாள் வந்து 312இன் கணக்கு முடிந்ததா என்று கேட்டார். முடியவில்லை என்றேன். ஏன் என்றார். மாதக் கடைசிக்கு முன்னால் ஒரு ஆளின் கணக்கை முடிக்கக் கம்பியூட்டர் விடாது என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. என் வாயிலிருந்து வந்த பிறகுதான் நானே கேட்டேன். ஆனால் குரல், புரோகிராம் பற்றி வழக்கமாகப் பேசுகிற அதே குரலாகத்தான் வந்தது. அவர் கம்பியூட்டரைப் பார்த்தார். அந்த இயந்திரத்திலிருந்து எப்போதும் ஒரு முழம் தள்ளியே நிற்பவர் அவர். கையால் எழுதிக் கொடு என்றார். அச்சடித்த சீட்டு இல்லாமல் காசு கொடுக்கக் கூடாது என்பது டப்ளின் கட்டளை என்று கடிதத்தை எடுத்துக் காட்டினேன். பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று ஆள் கையெழுத்திடாமல் விசாவைக் கான்சல் செய்ய முடியாது. காசு கொடுக்காமல் அந்தக் கையெழுத்து வராது. அவருக்கும் அது தெரியும். அப்படியானால் டப்ளினுக்கு டெலக்ஸ் அடித்துத் திறக்கச் சொல், யல்லா, சீக்கிரம், என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உனக்கென்ன விசரா? அந்த மனிசனுக்கு நீ ஆர்? உன்னைப் பிளேனில ஏத்தினால் அம்மாவுக்கு நான் என்னெண்டு எழுதிறது?"

அன்று எழுதிய பட்டியல் எனக்கு இன்னும் மனப்பாடம். டப்ளினிலிருந்து யாராவது தொலைபேசியில் பேசலாம். மந்தூப் வேறு கம்பெனியில் கம்பியூட்டர் தெரிந்த ஒருவரைக் கேட்கலாம். கேம்ப்பில் 312 இன்னொரு தடவை வாய் திறக்கலாம். என் விசாவை அவர் புதுப்பிக்காமல் சும்மா விடலாம், அதற்கு ஒரு காரணமும் சொல்ல வேண்டியதில்லை. நடக்கக்கூடியவை பதினொன்று இருந்தன. செய்ய வேண்டியது என்ற தலைப்பின் கீழே ஒன்றும் இல்லை.

டெலக்ஸ் எழுதினேன். எழுதாவிட்டால் பொய் அன்றே தெரிந்துவிடும். ஏழு கேள்விகள் கேட்டேன். ஓவர்டைம் பற்றி, வெள்ளிக்கிழமை விடுமுறை பற்றி, வங்கி எண்களின் நீளம் பற்றி. மாத நடுவில் கணக்கு முடிப்பதை ஆறாவதாகப் போட்டேன். கேள்விகள் அதிகமானால் பதில் தாமதமாகும் என்பது என் கணக்கு. அதற்குப் பிறகு, வந்த செய்தியை அச்சடிக்க டெலக்ஸ் இயந்திரம் இரைச்சலிடும் ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அது இரையும்.

நான்காம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். தாள் அவர் கையில் இருந்தது. ஆறாவது பதிலை எனக்குப் படித்துக் காட்டினார். எந்த நாளிலும் கணக்கை முடிக்கலாம், ஒரு தடையும் இல்லை.

நான் நின்றுகொண்டிருந்தேன். மாதம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். பதினொன்று என்றேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இந்த இடத்தில் எழுத்து தெளிவாக விழவில்லை, மறுபடி கேட்டு எழுது என்று சொல்லி அதைத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அவரும் பொய்க்குள் வந்துவிடுவார் என்று பட்டது.

மந்தூப் ஒவ்வொரு நாளும் கேட்டார். கோபப்படவில்லை. டப்ளின்? என்பார். இன்னும் இல்லை என்பேன். ஒரு நாள் என் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டே கேட்டார். படத்தில் நீ இன்னும் சின்னப் பெண்ணாக இருக்கிறாய் என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று நான் அச்சடித்த நூறு சீட்டுகளில் மாதத்தின் பெயர் தப்பாக விழுந்திருந்தது, எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது, வெகு தூரத்தில் இருந்த ருவைஸில் ஒரு வேலை வந்தது. பெரிய சுத்திகரிப்பு ஆலையை நிறுத்திவைத்து, குறித்த நாட்களுக்குள் பழுது பார்த்து முடிக்கிற வேலை. ஷட்டவுன் என்பார்கள். நாற்பது ஃபிட்டர்கள் தேவை. ஆலைக்குள் நுழைய கேட் பாஸ் வேண்டும், அது வாங்குவது எளிதல்ல, பெயர் கொடுத்த ஆளை இடையில் மாற்றவும் முடியாது. மேனேஜர் ஆட்களின் பட்டியலைத் தானே எழுதினார். அதில் 312 இருந்தது. மந்தூப் அவருடைய அறைக்குள் போய் அரை மணி நேரம் இருந்தார். வெளியே வந்தபோது முகம் இறுகியிருந்தது. சரி, ஷட்டவுன் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று என்னிடம் சொன்னார். ஆனால் ஆள் தானாகச் சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும், முகாம் மாறுவதற்கு அப்படி ஒரு படிவம் உண்டு. மறுத்தால் அன்றே கணக்கு முடியும், கலாஸ்.

கையெழுத்து வாங்கக் குறித்த நாள் மாதத்தின் கடைசி நாள். என் பொய்யின் கடைசி நாளும் அதுதான்.

பதினொரு மணிக்கு 312 வந்தார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். மந்தூப் முத்திரைப் பெட்டியோடு பக்கத்து நாற்காலியில் இருந்தார். படிவத்தில் இடத்தின் பெயரைப் பார்த்ததும் 312 அதை என் பக்கம் தள்ளினார்.

"ருவைஸா? நான் போகல."

படிவத்தைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினேன்.

"என் மச்சான் இந்தக் கேம்ப்லதான் இருக்கான். அவன் ஆக்குறான், நான் சாப்பிடுறேன். அன்னிக்கு வாய் தொறந்து பேசுனதுக்கு என்னை மட்டும் பிரிச்சு அத்துவானத்துல தூக்கிப் போடுறீங்க. நம்பரைக் கூவிச் சொன்னவுங்கதானே நீங்க. முடியாது. வேணும்னா ஊருக்கு அனுப்பச் சொல்லுங்க. கடனோட போய்ச் சேர்றேன்."

மந்தூப் தலையைத் தூக்கி, என்ன சொல்கிறான் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சாப்பாட்டு அலவன்ஸ் எவ்வளவு என்று கேட்கிறார் என்றேன். மந்தூப்புக்கு ஹிந்தி நன்றாகத் தெரியும். தமிழ் தெரியாது என்றுதான் நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்கும் என்னிடம் காகிதம் எதுவும் இல்லை.

பேனாவை எடுத்துப் படிவத்தின் முதல் வரியில் வைத்தேன். வரி வரியாக நகர்த்திக்கொண்டே, படிவத்தைப் படித்துக் காட்டுகிறவளின் குரலில் பேசினேன்.

"அண்ணை, என்ர முகத்தைப் பாக்காதேங்கோ. பேப்பரைப் பாருங்கோ. உங்களை ஊருக்கு அனுப்பச் சொல்லி ஒரு கடுதாசி என்ர மேசை லாச்சிக்குள்ள ரெண்டு கிழமையாக் கிடக்கு. கொம்பியூட்டர் விடுதில்லை எண்டு நான் பொய் சொல்லி வைச்சிருக்கிறன். அந்தப் பொய் இண்டையோட முடியுது. இதில கையெழுத்து வைச்சால் ருவைஸ். வைக்காட்டி உங்களை நாளைக்குப் பிளேனில ஏத்திப்போடுவினம்."

பேனா கடைசி வரிக்கு வந்துவிட்டது. திரும்பவும் முதல் வரிக்குக் கொண்டுபோனேன். அவர் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா உக்காந்திருக்காரே, அவரா?"

"ஓம். திரும்பாதேங்கோ."

மந்தூப் முத்திரையை மையில் ஒற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு 312 நிமிர்ந்து, சண்டை போடுகிற தோரணையில், சத்தமாகக் கேட்டார்.

"அலவன்ஸ்னு சொன்னீங்களே அந்தாளுகிட்ட. எம்புட்டு அது?"

"மாசம் நூற்றைம்பது."

"மச்சான் சோத்துக்கு ஈடாகுமா அது," என்று முணுமுணுத்துக்கொண்டே என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். வாங்கும்போது என் விரல் அவர் விரலில் பட்டது. அவருடைய கையும் என் கையைப் போலவே குளிர்ந்திருந்தது. தமிழில் பெயரை முழுதாக, மெதுவாக எழுதினார். எழுந்து, மந்தூப்புக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார்.

மந்தூப் முத்திரை குத்தினார். இவ்வளவு நேரம் அந்த நூற்றைம்பதுக்கா பேசினான் என்று கேட்டார். ஆமாம் என்றேன். இவர்கள் ஒவ்வொரு திர்ஹத்துக்கும் பேரம் பேசுவார்கள் என்று தலையை ஆட்டினார். ஷட்டவுன் முடியட்டும் என்று இன்னொரு தடவை சொன்னார். பிறகு, மறந்துபோனதை நினைத்துக்கொண்டவர் போல உள்ளே போய் என் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து கீபோர்டின் மேல் வைத்தார்.

அவர் கதவைத் தாண்டும் வரை நான் அதைத் தொடவில்லை. தாண்டிய பிறகும் உடனே திறக்க முடியவில்லை, பக்கங்கள் பிரிய மறுத்தன. புதிய முத்திரை இருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து 312இன் கான்சல் காகிதத்தை எடுத்தேன். கிழித்துவிடலாம் என்று இரண்டு கையிலும் பிடித்தேன். மாட்டிக்கொண்டால் என்ன சொல்வது என்று நினைத்ததும் கை நின்றுவிட்டது. திருப்பி மேசைக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு அந்த மாதச் சம்பளத்தை ஓட்டினேன். அவருடைய வரியில் ருவைஸ் என்று விழுந்தது. ஷட்டவுன் எத்தனை நாள் என்று மேனேஜரிடம் கேட்டு, அது முடிகிற நாளை என் நாட்காட்டியில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.